காப்பு என்று ஒரு சொல்

2018 ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரைச்சல் மறந்திருக்காது. பல வருடங்களாக மணல்வெளியாகவே நாங்கள் பார்த்துப் பழகிய கொள்ளிடம் கரை முட்ட ஓடியது. 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் விழுந்தது. சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு எங்கள் ஊர். இரண்டு பக்கமும் தண்ணீர் என்பது எப்போதும் எங்களுக்குப் பெருமை. அந்த மாதம் மட்டும் அது பயமாகவும் இருந்தது.

அதே நாட்களில் தொலைக்காட்சி முழுக்கக் கேரள வெள்ளம். ஆலுவா அருகே ஒரு வீட்டிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படையின் ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது. அன்றே அவருக்கு மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. பிறகு அங்கே ஒரு மொட்டைமாடியில் 'நன்றி' என்று ஆங்கிலத்தில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தை நாடே பார்த்தது.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். அந்த வாரம் வகுப்பில் பேச்சு வெள்ளத்தைப் பற்றித்தான் இருந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவி என்.சி.சி.யில் இருந்தாள். கேரளத்துக்கு அனுப்பப் போர்வையும் நாப்கினும் சேகரித்துக்கொண்டிருந்தாள். ராணுவத்தில் சேர்வது அவளுடைய கனவு. "மிஸ், ஆர்மி மட்டும் இல்லன்னா அந்த அக்கா பொழச்சிருக்கவே மாட்டாங்க. எந்த ஊர்ல எது நடந்தாலும் கடைசியில அவங்கதான் வரணும்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தட்டவில்லை. அவள் கொட்டப்பட்டு முகாமிலிருந்து வருகிறவள். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் அது. அவள் பிறந்தது திருச்சியில்தான். வகுப்பில் எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசுவாள். அன்று மட்டும் வீட்டுத் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னாள். "எங்கட அம்மம்மா சொல்லுவா, மிஸ். வானத்திலயிருந்து அரிசி போட்டதும் அவங்கள்தான், பிறகு வாசல்ல துவக்கோட வந்து நிண்டதும் அவங்கள்தான்."

வகுப்பு அமைதியானது. இரண்டு பேரும் நெருங்கிய தோழிகள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி சொன்னதும் உண்மை, மற்றவள் சொன்னதும் உண்மை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை எப்படிக் கேட்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. மணி அடித்தது, பாடம் முடிந்தது. இந்தக் கட்டுரை அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்.

*

தமிழில் 'காப்பு' என்றால் பாதுகாப்பு. கையில் போடும் வளையத்துக்கும் அதுதான் பெயர். ஏழாம் மாதத்தில் நமக்கு வளைகாப்பு போடுகிறார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பார்கள். போலீஸ் ஒருவனைப் பிடித்து விலங்கு மாட்டினாலும் 'காப்பு மாட்டிட்டாங்க' என்றுதான் பேச்சு வழக்கில் சொல்கிறோம். காப்பதும் கட்டிவைப்பதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்பா, அண்ணன், கணவன், மகன் என்று வரிசையாக நம்மைக் காப்பாற்ற வந்தவர்களிடம் நாம் கற்ற முதல் பாடமே அதுதான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வெளியில போகாதே."

அமெரிக்கப் பெண்ணியத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் 2003-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அரசுக்குப் பொருத்திப் பார்த்தார். பெண்களை அடிக்கிற, அடக்குகிற ஆணை நாம் எளிதில் அடையாளம் கண்டுவிடுகிறோம். வெளியே இருக்கும் ஆபத்திலிருந்து வீட்டைக் காக்கும் நல்ல ஆணும் இருக்கிறான். அவன் அன்பானவன், தியாகம் செய்பவன். ஆனால் அவனுடைய காப்புக்கு ஒரு விலை உண்டு. காக்கப்படுகிறவள் முடிவெடுக்கும் உரிமையை அவனிடம் கொடுத்துவிட வேண்டும், நன்றியோடு இருக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. ஆபத்தைக் காட்டித் தன் குடிமக்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற அரசை அவர் விமர்சித்தார்.

ராணுவம் நிவாரணத்துக்கு வரும்போது எழும் கேள்வியும் இதுவே. வருகிற சிப்பாய் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதில் பெரிய பயனில்லை. பெரும்பாலோர் நம் அண்ணன் தம்பிகளைப் போன்றவர்கள். வந்தவருக்கும் வாங்கிக்கொண்டவளுக்கும் இடையில் என்ன உறவு உண்டாகிறது, அதில் அவள் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

*

அம்மம்மாவின் வாக்கியத்துக்கு வருவோம். அவர் சொன்னது கதையில்லை, வரலாறு.

1987 மே மாத இறுதியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போகும் எரிபொருளுக்கும் பொருட்களுக்கும் அதற்கு முன்பே தடை இருந்தது. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது படகுகளில் உணவும் மருந்தும் அனுப்பியது இந்தியா. செஞ்சிலுவைச் சங்கக் கொடியோடு போன அந்தப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கின. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் பூமாலை. பசியில் இருந்த மக்களுக்கு அது உண்மையிலேயே பூமாலையாகத்தான் இருந்திருக்கும். அதே நேரத்தில் அது கொழும்புக்கு டெல்லி அனுப்பிய எச்சரிக்கையும்கூட. அரிசி மூட்டைக்குப் போர் விமானம் துணைக்கு வந்தால், அது அரிசியை மட்டும் கொண்டுவருவதில்லை.

ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே அமைதிப் படை என்ற பெயரில் இந்திய ராணுவம் வந்து இறங்கியது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10 அன்று அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியச் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்லூர் கந்தசுவாமி கோயிலிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பியபோது இந்தியத் தரப்பிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். எதற்காக அனுப்பப்பட்டோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

அந்த மாதங்களில் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை எழுதிவைத்தவர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர், பெண்ணியவாதி, இரண்டு பெண் குழந்தைகளின் தாய். மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' நூலில், 1987 போர்க்காலப் பெண்களின் அனுபவத்தைப் பற்றிய பகுதி அவருடையது. பாதிக்கப்பட்ட பெண்களை நேரில் தேடிப்போய்க் கேட்டார். சோதனை என்ற பெயரில் நடந்த பாலியல் வன்முறையைப் பதிவுசெய்தார். அதைச் சொன்ன பெண்களை அவர்களுடைய சொந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதையும் மறைக்கவில்லை. போரிடும் எல்லாத் தரப்புகளையும் கேள்வி கேட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படை அப்போது அங்கே இருந்தது. ஆனால் கொலைக்குப் பொறுப்பு புலிகள்தான் என்று அவருடைய தோழர்கள் சொன்னார்கள். பெண்களைக் காக்கிறோம் என்று ஆயுதம் தூக்கிய இரண்டு தரப்புக்கும் நடுவில், கணக்குக் கேட்ட ஒரு பெண்ணுக்குக் காப்பு இருக்கவில்லை.

ரஜனியின் எழுத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. துப்பாக்கியோடு நிற்பவனிடம் ரொட்டி வாங்கிய பெண், பிறகு அவனைப் பற்றிப் புகார் சொல்ல எங்கே போவாள்? அவன்தான் நிவாரணம், அவன்தான் காவல், அவன்தான் விசாரணை. மூன்று வேலையும் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கை நல்லதாக இருப்பது தற்செயல்தான்.

*

இதே பாடம் இன்னும் பெரிய அளவில் 2009-ல் நடந்தது. இந்த முறை படை அயல்நாட்டுடையது அல்ல, அந்த நாட்டினுடையதே. இறுதிப் போரை இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று அழைத்தது. 2011-ல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அந்தச் சொல் உண்டு. முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ராணுவம் முகாம்களில் வைத்தது. அவற்றில் பெரியது வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம். 'நலன்புரிக் கிராமம்' என்று பெயர். ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களை ஒவ்வொரு பிரிவுக்கும் வைத்தார்கள். சுற்றிலும் முள்வேலி. சாப்பாடு கொடுத்தவர்களும் வேலிக்குக் காவல் நின்றவர்களும் ஒரே படை. 2009 டிசம்பர்வரை அவர்கள் விரும்பியபடி வெளியே போக முடியாது. முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான்.

முள்வேலிக்குள் குளிப்பது, உடை மாற்றுவது, இரவில் கழிப்பறைக்குப் போவது எல்லாம் ஒரு சிப்பாயின் கண் முன்னால். அவர்கள் உயிரோடு இருந்தார்கள், சாப்பிட்டார்கள், எண்ணப்பட்டார்கள். ஒரு கணக்குப்படி அது வெற்றிகரமான நிவாரணம். கணக்கில் வராதது ஒன்றுதான். அங்கிருந்த எந்தப் பெண்ணும் 'நான் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியவில்லை.

ஊர் திரும்பிய பிறகும் படை போகவில்லை. கடை, பண்ணை, முன்பள்ளி என்று எல்லாவற்றிலும் சீருடை. 2010-ல் விசுவமடுவில், மீள்குடியேறிய ஒரு பெண் தன்னைச் சிப்பாய்கள் கூட்டாக வன்புணர்வு செய்தார்கள் என்று துணிந்து புகார் கொடுத்தார். 2015 அக்டோபரில் யாழ்ப்பாணம் உயர் நீதிமன்றம் நான்கு சிப்பாய்களுக்குக் கடுங்காவல் தண்டனை விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு எப்படியும் போகட்டும். அந்தப் பெண் ஐந்து வருடம் நீதிமன்றப் படியேறியது, அவருடைய கிராமத்தைச் சுற்றி ராணுவம் இருந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களுக்கு மெனிக் பாம் மூடிய பிறகும் சொந்த நிலம் கிடைக்கவில்லை. அதில் ராணுவம் இருந்தது. அவர்களை வேறொரு மாதிரிக் கிராமத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று பிலக்குடியிருப்புப் பெண்கள், விமானப்படை வைத்திருந்த தங்கள் நிலத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைகளோடு, வெயிலிலும் பனியிலும், ஒரு மாதம். மார்ச் 1 அன்று நிலம் திரும்பக் கிடைத்தது. அன்றே கேப்பாப்புலவின் மற்ற பெண்கள் தங்கள் நிலத்துக்காக உட்கார்ந்தார்கள். காத்தவர்களிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

இந்த இடத்தில் என் என்.சி.சி. மாணவி கையைத் தூக்குவாள். அவள் கேட்பது நியாயம். "அது போர் மிஸ். வெள்ளமும் சுனாமியும் வேற இல்லையா? ஹெலிகாப்டர் வேற யார்கிட்ட இருக்கு?"

வேறுதான். வெள்ளத்தில் சிப்பாய்க்கு எதிரி கிடையாது. அவன் எந்தத் தரப்பும் இல்லை. ஆலுவாவில் அந்தப் பெண்ணை வேறு யாரும் அந்த நேரத்தில் அப்படித் தூக்கியிருக்க முடியாது. 2015 சென்னை வெள்ளத்திலும், 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் படைகள் செய்ததைக் குறைத்துப் பேசுவது, அங்கே உயிர் பிழைத்த பெண்களை அவமதிப்பதாகும். கொள்கை பேசுவதற்காக ஒருத்தியை மொட்டைமாடியில் விட்டுவிட முடியாது.

ஆனால் இந்த வேறுபாட்டை உலக அளவில் நிவாரணம் செய்பவர்களே விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள். இயற்கைப் பேரிடர்களுக்கு 1994-ல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட ஆஸ்லோ வழிகாட்டுதல்கள் உண்டு. போரும் பசியும் இடப்பெயர்வும் ஒன்றாகச் சேர்ந்து, அரசு நிர்வாகமே குலைந்துபோகும் நெருக்கடிகளுக்கு ஐ.நா. 2003-ல் தனி வழிகாட்டுதல் வகுத்தது. இரண்டின் சாரமும் எளிமையானது. குடிமக்கள் அமைப்புகளால் முடியாதபோது கடைசி வழியாகத்தான் படையைப் பயன்படுத்த வேண்டும். நிவாரணத்தை வழிநடத்துவது குடிமக்கள் தரப்பாகவே இருக்க வேண்டும். வந்த படை எவ்வளவு காலம் இருக்கும் என்பது முன்பே தெளிவாக இருக்க வேண்டும். போரிடும் தரப்பின் படை நிவாரணத்தில் இறங்கக் கூடாது. 1987-ம் 2009-ம் இந்த விதிகளில் எதில் தேறும்?

ஆகவே போர் ஒரு பக்கம், வெள்ளம் ஒரு பக்கம் என்று கோடு போட்டால் முடிந்துவிடுமா? முடியாது என்றே நினைக்கிறேன். வெள்ளமும் ஒருநாள் வடிகிறது. அதன் பிறகு வருகிற நாட்கள்தான் பெண்களுடையவை. மீட்பு என்பது சில மணி நேர வேலை. பராமரிப்பு மாதக் கணக்கில் நீள்வது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் முந்நூறு பேருக்குச் சமைப்பது, கைக்குழந்தைக்கு வெந்நீர் வைப்பது, மாதவிடாய்த் துணியை எங்கே காயவைப்பது என்று இடம் தேடுவது, வயதுக்கு வந்த பெண்ணை இருட்டில் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, சகதியை அள்ளுவது. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு ஆயா, தூய்மைப் பணியாளர். இவர்களுக்காக யாரும் மொட்டைமாடியில் நன்றி எழுதவில்லை. மேலிருந்து பார்த்தால் இவர்கள் தெரியமாட்டார்கள்.

மீட்கும் சில மணி நேரத்தில் கட்டளை தேவை. "கயிற்றைப் பிடி, குனி, கண்ணை மூடு" என்றால் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கட்டளையின் அதிகாரம் கரை சேர்ந்த பிறகும் நீள்வதுதான் தவறு. பராமரிப்பைக் கட்டளையால் செய்ய முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் செய்ய முடியும். 'உனக்கு என்ன வேணும்?' என்ற கேள்வி இல்லாத பராமரிப்பு காவலாக மாறிவிடுகிறது.

அதே 2018 வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மீட்டது சுமார் 65,000 பேர் என்று சொல்லப்பட்டது. பெண்கள் படகில் ஏறுவதற்கு மலப்புறத்து மீனவர் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாகக் கொடுத்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் இருந்த அதிகாரம் படகைச் செலுத்தும் அதிகாரம் மட்டுமே. கரை வந்ததும் அது முடிந்தது. மறுநாள் அவர்கள் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். எந்த உதவியையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வந்தவர் திரும்பிப் போவதற்கு என்ன ஏற்பாடு?

*

நன்றியைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் இந்த விவாதம் எப்போதும் அங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறது. ராணுவத்தைக் கேள்வி கேட்டால், "உன்னைக் காப்பாத்தினவங்களையே குறை சொல்றியா?" என்கிறார்கள். பெண்களாகிய நமக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. 'சோறு போட்டவனை எதிர்த்துப் பேசறியா?' என்பதன் சீருடை அணிந்த வடிவம் இது.

உயிரைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்வது மனிதத்தன்மை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நன்றி என்பது தானாக வர வேண்டியது. சொல்லாவிட்டால் ஆபத்து என்ற நிலையில் சொல்லப்படும் நன்றி, வாடகைக்குச் சமம். ஒருவரைப் பற்றிப் புகார் சொல்லும் உரிமை எனக்கு இருக்கும்போதுதான் அவருக்கு நான் சொல்லும் நன்றி உண்மையானது. அந்த உரிமை இல்லாத இடத்தில் எனக்கே என் நன்றி எது, பயம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அம்மம்மாவின் வாக்கியத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். அவர் அரிசியை மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அரிசிக்குப் பதிலாகத் துவக்கை மன்னித்துவிடு என்ற பேரத்துக்குத்தான் அவர் சம்மதிக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தப் பேரம் இருக்கிறது. ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையில் இருக்கும் பகுதிகளில், ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர் மீது வழக்கு நடத்த முடியாது. 2013-ல் நீதிபதி வர்மா குழு, படையினர் செய்யும் பாலியல் குற்றங்களைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழேயே விசாரிக்க வேண்டும் என்று தெளிவாகப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டு பாலியல் குற்றச் சட்டங்கள் திருத்தப்பட்டபோது இந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. ஹெலிகாப்டரில் வந்து காப்பாற்றும் அதே அரசுதான், வேறொரு மாநிலத்தில் ஒரு பெண்ணின் புகாரை அனுமதிக் கோப்பில் வைத்திருக்கிறது. முதலாவதற்கு நன்றி சொல்லிக்கொண்டே இரண்டாவதைக் கேட்க முடியும். கேட்கத்தான் வேண்டும்.

பெண்கள் ராணுவத்தில் சேர்ந்தால் இது மாறுமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமையை உறுதிசெய்தது. அது நியாயமான தீர்ப்பு. தகுதி இருப்பவளைப் பெண் என்பதற்காகத் தடுப்பது அநீதி. நிவாரணத்துக்கு வரும் குழுவில் ஒரு பெண் இருந்தால், முகாமில் ஒருத்தி வாய் திறந்து நாப்கின் கேட்பதும் எளிதாகும். ஆனால் கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தை ஒரு பெண் கையில் கொடுத்தாலும் அது கேள்வி கேட்க முடியாத அதிகாரமே. மாமியாரும் பெண்தான்.

*

தொலைவில் இருக்கும் வன்னியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் ஊரைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது.

முகாம் என்ற ஒரே சொல்லைத்தான் ராணுவம் தங்கும் இடத்துக்கும், வெள்ளத்தில் தங்கவைக்கும் இடத்துக்கும், அகதிகள் இருக்கும் இடத்துக்கும் வைத்திருக்கிறோம். திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் ஓர் இடம் உண்டு. ஈழத் தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டவர்களை அடைத்துவைக்கும் அதற்கும் 'சிறப்பு முகாம்' என்றே பெயர். கொட்டப்பட்டில் சிப்பாய் இல்லை. ஆனால் பதிவேடு உண்டு, கியூ பிரிவு போலீஸ் உண்டு, இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது உண்டு, செக்கிங் நாளில் குடும்பம் முழுக்க இருந்து காட்ட வேண்டும் என்பதும் உண்டு. 1990-ல் வந்த அம்மம்மாவின் பேத்தி, இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள், தேர்வு இருக்கும் நாளிலும் 'செக்கிங் மிஸ்' என்று தாமதமாக வந்திருக்கிறாள். 2021-ல் தமிழக அரசு இந்த இடங்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. நல்ல காரியம். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. அரிசி உண்டு, கூரை உண்டு, 'நான் இந்த ஊர்க்காரி' என்று சொல்ல உரிமை இல்லை. துப்பாக்கி இல்லாமலும் காப்பு விலங்காக மாற முடியும் என்பதற்கு நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் சாட்சி இருக்கிறது.

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் என் வகுப்புக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்குப் புரிந்தது. உதவி எந்தக் கையிலிருந்து வந்தாலும், அதை வாங்கும் பெண் மூன்று கேள்விகளைக் கேட்க முடிய வேண்டும். எனக்கு இது வேண்டாம், வேறொன்று வேண்டும் என்று சொல்லலாமா? உங்களில் ஒருவர் தவறு செய்தால் நான் உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? நீங்கள் எப்போது போவீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால், சீருடை அணிந்த கையையும் தயங்காமல் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லையென்றால், அரிசியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், பசி அப்படி. ஆனால் அதை உதவி என்று அழைக்கும் கடமை நமக்கு இல்லை.

அந்த இரண்டு மாணவிகளும் படித்து முடித்துப் போய்விட்டார்கள். என்.சி.சி. மாணவி இன்னும் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். போன வருடம் அம்மா மண்டபத்துப் படியில் அவளை எதேச்சையாகப் பார்த்தேன். "மிஸ், நான் சேர்ந்தா அவ அம்மம்மா என்கிட்ட பேசுவாங்களா?" என்று கேட்டாள். பேசுவார் என்றேன். முதலில் அவர் கேட்கும் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். "அதுக்குத்தான் மிஸ் போறேன்" என்றாள்.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.